கையைக் கைவிடாதீர்

விருத்தாசலம் சந்திப்பில் இரயிலை விட்டிறங்கி ஊருக்குள் நுழைபவர்கள் இரண்டு வகைக் கைவேலைகளைக் காணலாம். ஒன்று கல்லிலே செய்தது. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைக் கோயிலாக நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது. மற்றொன்று மண்ணிலே செய்வது. பீங்கான் தொழிற்கூடங்களில் நாள்தோறும் நடைபெறுகிறது. அருகேயுள்ள நெய்வேலிச் சுரங்கப் பகுதியில் கிடைத்த களிமண் இத்தொழிலுக்கு அடித்தளமாயிற்று. பொம்மைகளும் அகல் விளக்குகளும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் இங்கிருந்து பல ஊர்களுக்குச் செல்கின்றன.

இத்தொழிலின் மூலதனம் யாது? மண் என்பார் சிலர். சூளை என்பார் சிலர். உண்மையில் அது விரல்களே. களிக்குழம்பை அச்சில் ஊற்றுவது விரல். ஈரம் உலராத பொம்மையைச் சிதையாமல் அச்சினின்று எடுப்பது விரல். அதன் பிசிறைச் சீவித் துடைப்பது விரல். இறுதியில் பொம்மைக்குக் கண் எழுதுவதும் விரலே. விரல் பழுதுபட்டால் அவ்வீட்டின் அடுப்பும் அணையும் நிலை வந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின், நண்பர் ஒருவருடன் அவ்வூர்த் தொழிலாளர் குடும்பம் ஒன்றைக் காணச் சென்றோம். திண்ணையில் ஓர் இளைஞர் அமர்ந்து, பிள்ளையார் பொம்மை ஒன்றிற்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் தூரிகையைப் பிடித்திருந்த விதம் நம் கண்ணை உறுத்தியது. சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் அதைச் செருகியிருந்தார். வலக்கையில் கட்டைவிரல் இல்லை.

மண் பிசையும் இயந்திரத்தின் அலகு அதைத் துண்டித்துவிட்டதென்று அவருடைய தந்தையார் கூறினார். பின்பு, நாம் கேளாமலே, தம் நெஞ்சில் கிடந்த பாரத்தையும் இறக்கி வைத்தார்.

“வெரலைக் கண்டெடுத்துட்டோமுங்க. ஐஸ்ல வெச்சா கெடாதுன்னுதான் நெனச்சோம், மீனு வெக்கிற மாதிரி. ஐஸ் கட்டிக்குள்ளேயே பொதைச்சு எடுத்துக்கிட்டு ஓடினோம். டாக்டர் ஒண்ணும் திட்டலீங்க. ‘நடுவுல ஒரு பிளாஸ்டிக் பை மட்டும் இருந்திருந்தா...’ன்னு சொல்லி நிறுத்திட்டாரு.”

அந்த வாக்கியத்தை மருத்துவர் முடிக்கவில்லை. அதை முடித்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அன்பு இருந்தது, விரைவு இருந்தது, துண்டான விரலும் கைவசம் இருந்தது. அறிவு ஒன்றுதான் இல்லை. காயங்களைப் பொறுத்தவரை நாம் இருவகைப் பிழை செய்கிறோம். காப்பாற்றக் கூடியதைப் போயிற்றென்று கைவிடுகிறோம். பெருங்கேட்டைச் சிறு கீறலென்று அலட்சியம் செய்கிறோம். இவ்விரண்டையும் வேறு பிரித்து அறிவதே அறுவை மருத்துவரின் முதற் கலை.

துண்டான உறுப்பு மீளுமா?

வெட்டுண்ட உறுப்பை மீண்டும் பொருத்தலாம் என்பது மனிதகுலத்தின் பழங்கனவு. காசு வாங்காமல் வைத்தியம் பார்த்தவர்கள் என்று திருச்சபை போற்றும் சகோதரர்களான புனித கொஸ்மாஸ், புனித தமியான் ஆகியோரைப் பற்றி ஓர் ஐதீகம் உண்டு. நோயுற்ற ஒருவரின் காலை நீக்கி, இறந்துபோன வேறொருவரின் காலை அவருக்குப் பொருத்தினார்கள் என்பது அது. ஐரோப்பிய ஓவியர்கள் பலர் அக்காட்சியைத் தீட்டியுள்ளனர்.

கனவு நனவாக இருபதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1962 மே மாதத்தில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், சரக்கு இரயிலில் ஏற முயன்று வலக்கையைத் தோளருகே இழந்த 12 வயதுச் சிறுவனுக்கு, டாக்டர் ரொனால்ட் மால்ட் தலைமையிலான குழு அக்கையை மீண்டும் பொருத்தியது. அடுத்த ஆண்டு, 1963 சனவரியில், சீனாவின் ஷாங்காய் நகரில் இயந்திரத்தில் கையை இழந்த ஒரு தொழிலாளிக்கு டாக்டர் சென் சோங்வெய் குழுவினர் அதைத் திரும்ப இணைத்தனர். 1965-இல் ஜப்பானிய மருத்துவர்களான கொமாட்சு, தமாய் ஆகியோர் முழுதும் துண்டான கட்டைவிரலையே ஒட்ட வைத்தனர்.

விரலை ஒட்டுவது கையை ஒட்டுவதைவிடக் கடினம். விரலின் இரத்தக் குழாய் சுமார் ஒரு மில்லிமீட்டர் பருமனே உடையது. அதை நுண்ணோக்கியின் கீழ், தலைமயிரைவிட மெல்லிய நூலால் தைக்க வேண்டும். முதலில் எலும்பைக் கம்பியால் நிலைநிறுத்தி, பின் தசைநாண்களைத் தைத்து, அதன்பின் இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் ஒவ்வொன்றாக இணைப்பார்கள். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். தமிழகத்தில் இக்கலை வளர்வதற்குச் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைத் துறையும், அதை உருவாக்கிய டாக்டர் ஆர். வெங்கடசாமியும் பெருங்காரணம். இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கைகளை 2018-இல் பொருத்தியதும் அதே அரசு மருத்துவமனைதான். கொஸ்மாஸ், தமியான் ஐதீகம் ஏழைத் தொழிலாளியின் வாயில் வரைக்கும் வந்துவிட்டது.

ஆயினும் எல்லா விரல்களையும் ஒட்ட இயலாது என்பதையும் சொல்லியாக வேண்டும். கூரிய அலகால் வெட்டுண்டது பெரும்பாலும் ஒட்டும். நசுங்கியதும் பிய்ந்து போனதும் பெரும்பாலும் ஒட்டா. கட்டைவிரல், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள், குழந்தைகளின் எவ்விரலும் என்றால் மருத்துவர்கள் இயன்றவரை முயல்வார்கள். முடிவு செய்யவேண்டியவர் மருத்துவரே. ‘இது ஒட்டாது’ என்று நாமே தீர்ப்பு எழுதி விரலைக் குப்பையில் எறிவது கூடாது.

நடுவில் ஒரு பை

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? குடும்பத்தார் அனைவரும் நினைவில் வைக்கத்தக்க முறை இதுவே.

முதலில் மனிதரைக் கவனிக்க வேண்டும். விரலைப் பின்னர்த் தேடலாம். காயத்தின்மேல் தூய துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தி வைத்தால் பெரும்பாலான இரத்தப் பெருக்கு அடங்கும். கம்பியாலோ கயிற்றாலோ மணிக்கட்டை இறுக்கிக் கட்டுவது தவறு. அழுத்தியும் அடங்காமல் உயிருக்கே ஆபத்து நேருமானால் மட்டும், அகலமான துணிப்பட்டையால் காயத்திற்கு மேலே கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். மோதிரங்களை உடனே கழற்றிவிட வேண்டும், வீங்கியபின் கழலா. காப்பித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு, மண் ஆகிய எதையும் காயத்தில் வைத்தலாகாது.

துண்டான விரலில் அழுக்கு இருந்தால் தூய நீரால் மெல்ல அலசலாம், தேய்க்கக் கூடாது. பின் தூய துணியை நனைத்துப் பிழிந்து அதில் சுற்ற வேண்டும். சுற்றியதை ஒரு பிளாஸ்டிக் பையில் இட்டு, நீர் புகாதவாறு வாயைக் கட்ட வேண்டும். அந்தப் பையைப் பனிக்கட்டியும் நீரும் கலந்த மற்றொரு பையிலோ பாத்திரத்திலோ வைக்க வேண்டும். விரல் குளிர வேண்டும். ஆனால் உறையக் கூடாது. பனிக்கட்டி நேரே பட்டால் திசுக்கள் உறைந்து மடிகின்றன. நீரிலோ பாலிலோ ஸ்பிரிட்டிலோ மூழ்க வைத்தாலும் ஊறிக் கெடுகின்றன. தோலில் தொங்கிக்கொண்டிருக்கும் விரலை வெட்டி எடுக்கவும் கூடாது. அந்தச் சிறு தோல் வழியே அதற்கு உயிர் ஓடிக்கொண்டிருக்கலாம்.

காலக்கணக்கும் அறிய வேண்டியதே. குளிரூட்டாத விரல் ஏறத்தாழ 12 மணி நேரமும், முறையாகக் குளிரூட்டிய விரல் 24 மணி நேரம் வரையிலும் தாங்கும் என்பர். தசை மிகுந்த முன்கை அல்லது மேற்கை துண்டானால், குளிரூட்டாத நிலையில் 6 மணி நேரமே எல்லை. விருத்தாசலத்திலிருந்து சிதம்பரம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சுமார் 45 கிலோமீட்டர். புதுச்சேரி ஜிப்மர் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். ஆகவே தொலைவு நம்மைத் தோற்கடிப்பதில்லை, தடுமாற்றமே தோற்கடிக்கிறது. 2008 முதல் தமிழகத்தில் இயங்கிவரும் 108 ஊர்தியை அழைத்து, அருகேயுள்ள மருத்துவமனையில் முதலுதவி பெற்று, நுண் அறுவை வசதி எங்குள்ளதென்று அங்கிருந்தே தொலைபேசியில் கேட்டுப் புறப்படுவது நலம். அறுவைக்கு மயக்க மருந்து தேவைப்படுமாதலால், காயமுற்றவருக்கு உணவோ காப்பியோ கொடுக்கக் கூடாது.

சிறிய காயத்தினுள் பெரிய இழப்பு

இனி இரண்டாம் வகைப் பிழைக்கு வருவோம். உடைந்த பீங்கான் ஓட்டின் விளிம்பு கத்தியினும் கூரியது. அது விரலின் உட்புறத்தில் அரை அங்குலம் கீறிவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? துணியைச் சுற்றிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். தோல் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது. ஆனால் விரல் மடங்குவதில்லை, அல்லது அதன் நுனி மரத்துப்போகிறது. தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் தசைநாணும் நரம்பும் அன்றே அறுபட்டுப் போயிருந்தன.

கைதேர்ந்த மருத்துவர் காயத்தைக் கிளறுமுன் கையைச் சும்மா பார்க்கிறார். மேசைமேல் மல்லாந்து ஓய்ந்திருக்கும் கையில் நான்கு விரல்களும் சுட்டுவிரலிலிருந்து சிறுவிரல் வரை படிப்படியாக அதிகம் வளைந்திருக்கும். ஒரு விரல் மட்டும் நீட்டிக் கிடந்தால், அதை மடக்கும் நாண் அறுந்தது என்று பொருள். பின்பு ஒவ்வொரு கணுவையும் தனித்தனியே மடக்கச் சொல்கிறார். விரலின் இரு ஓரங்களிலும் மெல்லத் தொட்டு உணர்ச்சி உண்டா என்று வினவுகிறார். பேசத் தெரியாத குழந்தையாயின் அதற்கும் வழியுண்டு. சற்று நேரம் வெந்நீரில் ஊறினால் நம் விரல் நுனிகள் சுருங்குமல்லவா? நரம்பறுந்த விரல் சுருங்காது. விலையுயர்ந்த கருவி எதுவுமின்றி, ஒரு கிண்ணம் நீர் உண்மையைச் சொல்லிவிடுகிறது.

விரலடியிலிருந்து நடுக்கணு வரையுள்ள பகுதியில் நாண் அறுந்தால் தைக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் அஞ்சினர். போர்க்களத்தின் இடையே யாரும் கால்வைக்கத் துணியாத நிலத்தின் பெயரையே அப்பகுதிக்குச் சூட்டியிருந்தனர். 1960-களில் அமெரிக்க மருத்துவர் ஹெரால்ட் கிளைனெர்ட் முதலியோர், அங்கும் உடனே தைத்து விரைவில் அசைவுப் பயிற்சி கொடுத்தால் விரல் மீளும் என்று காட்டினர். ஆனால் நாட்கள் செல்லச் செல்ல அறுந்த நாண் உள்ளங்கைக்குள் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. முதல் சில நாட்களில் எளிதாக முடிவது, சில மாதங்களுக்குப் பின் இரண்டு மூன்று அறுவைகளாக வளர்ந்துவிடும்.

ஊசித் துளையும் உள்ளே நஞ்சும்

அரிதாக நேர்ந்தாலும், அறியாதவரை அடியோடு ஏமாற்றும் காயம் ஒன்றுண்டு. எண்ணெய் அழுத்த இயந்திரத்தின் குழாயில் கசிவு இருக்கிறதா என்று ஒருவர் விரலால் தடவிப் பார்க்கிறார். அல்லது வண்ணம் பீய்ச்சும் கருவியின் முனையைத் துடைக்கிறார். மிகுந்த அழுத்தத்தில் பாயும் எண்ணெயோ வண்ணமோ தோலைத் துளைத்து விரலுக்குள் புகுந்துவிடுகிறது. வெளியே தெரிவது ஊசி குத்தியதுபோன்ற ஒரு புள்ளியே. முதலில் வலியும் பெரிதாக இராது. சில மணி நேரத்தில் விரல் வீங்கி வெளுத்து, தாங்கொணா வேதனை தொடங்கும்.

1937-ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏடுகளில் இக்காயம் பதிவாகிவிட்டது. பின்னாளில் பல நூறு நோயாளரின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தபொழுது, ஏறத்தாழ பத்தில் மூவருக்கு விரலையோ அதன் பகுதியையோ நீக்க வேண்டியிருந்தது தெரிய வந்தது. அதிலும் வண்ணத்தைக் கரைக்கும் திரவங்கள் மிகக் கொடியவை. ஆறு மணி நேரத்திற்குள் விரலைத் திறந்து கழுவித் தூய்மை செய்தவர்களே பெரும்பாலும் தப்பினர். ஆகவே அழுத்தக் கருவியால் நேர்ந்த ஊசித் துளை எதுவாயினும் அதை அவசர அறுவைக்குரிய காயமாகவே கருத வேண்டும். மருத்துவரிடம் ‘விரலில் குத்திவிட்டது’ என்று மட்டும் சொல்லாமல், எந்த இயந்திரம், எந்தத் திரவம் என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல்லிலே விரலின் விதி அடங்கியிருக்கலாம்.

தோல் கிழியாத ஆபத்து

சில வேளைகளில் தோலில் துளையே இராது. பாரமான அச்சு முன்கைமேல் விழுகிறது. அல்லது மரத்தினின்று விழுந்த சிறுவனின் முழங்கையருகே எலும்பு முறிகிறது. முன்கையின் தசைகள் உறுதியான சவ்வு உறைகளுக்குள் அடைபட்டுள்ளன. உள்ளே வீக்கம் மிகுந்தால் உறை விரிந்து கொடுக்காது. அழுத்தம் ஏறித் தசைக்கு இரத்தம் செல்வது நின்றுவிடும். சுமார் ஆறு மணி நேரம் கடந்தால் தசை மடியத் தொடங்கும். அதன் விளைவாகக் கை பறவை நகம்போல் மடங்கி இறுகுவதை ஜெர்மானிய மருத்துவர் ஃபோல்க்மான் 1881-இல் விவரித்தார்.

இதன் முதல் அடையாளம் வலியே. காயத்தின் அளவுக்குப் பொருந்தாத, மருந்துக்கும் அடங்காத வலி. விரல்களைப் பிறர் மெல்ல நீட்டினாலே நோயாளி அலறுவார். மணிக்கட்டில் நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளக் கூடாது. நாடி துடிக்கும்பொழுதே தசை மடியலாம். சிம்பு வைத்து இறுக்கிய நாட்டுக் கட்டாயினும், மருத்துவமனையில் போட்ட மாவுக் கட்டாயினும், கட்டியபின் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரல்கள் நீலம் பூத்தாலோ, மரத்தாலோ, நள்ளிரவாயினும் மருத்துவரிடம் காட்டிக் கட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். ‘கட்டினால் வலிக்கத்தான் செய்யும், காலையில் பார்ப்போம்’ என்ற சொல்லால் எத்தனையோ குழந்தைகளின் கைகள் பாழாயின. தேவைப்படின் மருத்துவர் உறையைக் கீறிவிட்டு அழுத்தத்தைக் குறைப்பார். அக்கீறல் பார்ப்பதற்கு அச்சமூட்டும். ஆயினும் கையைக் காப்பது அதுவே.

நகத்தடியில் ஒளிந்த துன்பம்

விபத்தே இல்லாமலும் விரல் வருந்துவதுண்டு. குளிர்ந்த களிக்குழம்பில் கை வைத்தவுடன் ஒரு விரல் நுனியில் மின்னல் வெட்டியதுபோல வலி. பாத்திரம் பட்டாலும் வலி. ஆனால் வெளியே வீக்கமில்லை, சிவப்பில்லை, எக்ஸ்ரே படத்திலும் பெரும்பாலும் ஒன்றுமில்லை. இத்தகைய நிலையில் உள்ள பெண்ணை, ‘வேலைக்குச் சோம்பி நடிக்கிறாள்’ என்று வீட்டாரும், ‘மனக்கவலை’ என்று பிறரும் சொல்லிவிடுவர். இவ்வாறு பல ஆண்டுகள் துன்புற்றோர் உண்டு.

உடற்சூட்டைச் சீராக்க விரல் நுனியில் அமைந்த நுண்ணிய இரத்தக்குழல் முடிச்சு ஒன்றில், மிளகளவுக்கும் குறைவாகத் தோன்றும் கட்டியே இதற்குக் காரணமாயிருக்கலாம். கிளோமஸ் கட்டி என்பது அதன் பெயர். 1924-இல் மருத்துவர் மாசோன் இதை விவரித்தார். இது பெரும்பாலும் நகத்தின் அடியில், நடுவயதுப் பெண்களுக்கு வருவது. பெரும்பாலும் புற்றுநோய் அன்று. கண்டறியும் முறையோ மிக எளிது. மருத்துவர் ஒரு குண்டூசியின் தலையால் நகத்தின்மேல் இடம் இடமாக அழுத்துவார். ஒரே ஒரு புள்ளியில் மட்டும் நோயாளி துடித்துக் கையை இழுத்துக்கொள்வார். மயிரிழை விலகினால் வலி இராது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி இரத்த ஓட்டத்தைச் சற்றே நிறுத்தினால் அவ்வலியும் மறையும். சிறிய அறுவையில் கட்டியை முழுதும் எடுத்துவிட்டால், ஆண்டுக்கணக்கான வேதனை தீர்ந்துபோகும். அரிய நோயைக் கண்டுபிடிக்க இங்கே தேவைப்பட்டவை, நோயாளியின் சொல்லை நம்பும் செவியும், ஒரு குண்டூசியும்.

காப்பதா? நீக்குவதா?

பெருவிபத்துக்களில் மருத்துவர்முன் நிற்கும் வினா கொடியது. சிதைந்த காலைக் காப்பதா? உயிரைக் காக்கக் காலை நீக்குவதா? இவ்வினாவுக்கு உலகம் ஏற்றுக்கொண்ட ஒரு விடை நம் தமிழகத்தினின்று சென்றது என்பது நமக்குப் பெருமை. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். இராஜசேகரன், டாக்டர் எஸ். இராஜ சபாபதி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் தோல், எலும்பு, தசைநாண் ஆகிய மூன்றின் சிதைவுக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண் இட்டனர். நோயாளியின் உடல்நிலையை மோசமாக்கும் பிற காரணங்கள் ஒவ்வொன்றிற்கும் 2 மதிப்பெண் கூட்டினர். மொத்தம் 14-க்குள் இருப்பின் உறுப்பைக் காக்க முயலலாம். 17-ம் அதற்கு மேலும் எனில் நீக்குவது நலம். இடைப்பட்ட 15, 16 ஆகியவற்றில் மருத்துவரின் அனுபவமே வழிகாட்டும். 2006-இல் இம்முறை பன்னாட்டு மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. நெடுஞ்சாலைகளிலும் ஆலைகளிலும் சிதைந்து வந்த நம்மவரின் கால்களே அந்தக் கணக்கைக் கற்பித்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘காலை எடுக்க வேண்டும்’ என்று மருத்துவர் சொல்வது எப்பொழுதும் கைவிடுதல் ஆகாது. அது சில வேளைகளில் மனிதரைக் கைவிடாதிருப்பதன் பொருட்டே சொல்லப்படுகிறது.

அறுவைக்குப் பின்

அறுவை முடிந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் பலர். உண்மையில் பாதி வேலை அப்பொழுதுதான் தொடங்குகிறது. தைத்த நரம்பு நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டரே வளர்கிறது. மணிக்கட்டில் அறுந்த நரம்பு விரல் நுனியை எட்டப் பல மாதங்கள் ஆகும். தைத்த நாணுக்கு அன்றாடம் அளவான பயிற்சி வேண்டும். ஒட்டிய விரல் பிழைக்க வேண்டுமாயின் பீடி, சிகரெட்டை அறவே விட வேண்டும். புகையிலை நுண்குழாய்களைச் சுருக்கிவிடும்.

இதற்கு நம் மாநிலத்திலேயே இரு சான்றுகள் உள்ளன. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியவர். 1947-இல் செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபொழுது, மடங்கி முடங்கிய கையுடைய நோயாளி ஒருவரிடம் தம் கையை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். அந்தப் பிடி வியப்பூட்டும் வலிமையுடன் இருந்தது. செத்ததென்று உலகம் ஒதுக்கிய கையில் உயிருள்ள தசைகள் எஞ்சியிருந்தன! அந்த ஒரு கைகுலுக்கலே நோயறிதலாயிற்று. நலமான தசையின் நாணை மாற்றிப் பொருத்தி, முடங்கிய விரல்களை அவர் நிமிரச் செய்தார். தொழுநோயாளரின் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, வலி உணராமையால் நேரும் காயங்களாலேயே அழிகின்றன என்று உலகிற்கு எடுத்துரைத்தவரும் அவரே. நாம் வெறுக்கும் வலி நம் விரல்களின் காவலாளி என்பதை அவரிடம் கற்கிறோம்.

அவரிடம் பயின்ற டாக்டர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்பின்கீழ் செயலிழந்தார். மருத்துவ வாழ்வு முடிந்ததென்றே பலரும் எண்ணியிருப்பர். அவரோ சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். பின்னர் வேலூரில் உடல் மறுவாழ்வு மருத்துவத் துறையைக் கட்டி எழுப்பினார். 1972-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. கால்கள் ஓய்ந்தபின் தம் கைகளால் பிறர் கைகளை எழுப்பிய அவர் 1986-இல் மறைந்தார்.

நம் கடமை

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை விரல்களுக்கு விலை குறித்திருந்தது. கட்டைவிரல் போனால் உழைப்புத் திறனில் 30 விழுக்காடு, சுட்டுவிரலுக்கு 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சிறுவிரலுக்கோ 7 என்று அது வகுத்தது. இழப்பீடு தொழிலாளியின் உரிமை, இ.எஸ்.ஐ. அட்டையுடையோர் விபத்தை உடனே பதிவு செய்வித்தல் வேண்டும். சாலை விபத்தாயின், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கென 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் உண்டு. பணத்திற்கு அஞ்சி நேரத்தை இழத்தல் வேண்டா.

ஆயினும் எந்த அட்டவணையும் விரலைத் திருப்பித் தருவதில்லை. இயந்திரத்தின் தடுப்புத் தகட்டைக் கழற்றாமல் வேலை செய்வதும், ஓடும் இயந்திரத்தில் கையிட்டு மண்ணை வழிக்காதிருப்பதும், சேலைத் தலைப்பையும் துண்டையும் செருகிக்கொள்வதும் எந்த மருத்துவரும் தர இயலாத மருந்துகள்.

அன்று அந்த வீட்டைவிட்டுப் புறப்படுமுன், அந்தத் தந்தையார் தாம் வேலை செய்யும் கூடத்திற்கு நம்மை அழைத்துச் சென்றார். சுவரில் ஆணியடித்து ஒரு தகர டப்பாவை மாட்டி வைத்திருந்தார். அதற்குள் துவைத்து மடித்த வெள்ளைத் துணி இரண்டு, வாயைக் கட்டும் நூலோடு பிளாஸ்டிக் பைகள் நான்கு, மருத்துவமனைத் தொலைபேசி எண் எழுதிய அட்டை ஒன்று.

“யாருக்கும் வேணாம், ஆனா இருக்கட்டுமுங்க” என்றார் அவர். “புதுசா வேலைக்கு வர்ற பசங்களுக்கு மொத நாளே இதைத் தெறந்து காட்டிடுவேன். எதுக்குன்னு கேப்பாங்க. எம் மவன் கையைக் காட்டுவேன்.”

மருத்துவர் அன்று முடிக்காமல் நிறுத்திய வாக்கியத்தை அவர் அந்தத் தகர டப்பாவால் முடித்து வைத்திருந்தார். நம் இல்லங்களிலும், தொழிற்கூடங்களிலும், பங்கு மன்றங்களிலும் அத்தகைய டப்பா ஒன்று தொங்கட்டும்.